“கொஞ்சம் கீழே போய்க் கழுவுங்கம்மா!”

நீங்கள் சங்கராபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா? “அங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிற ஊர் அது. ஆனால் ஒரு நாள் தங்கிப் பாருங்கள். மேற்கே போனால் கல்வராயன் மலை. அதன் அடிவாரத்தில் கோமுகி அணை. வடக்கே போனால் தென்பெண்ணை ஆறு. அதன் குறுக்கே சாத்தனூர் அணை. இரண்டு பக்கமும் தண்ணீர்!

மழைக்காலம் முடிந்த கையோடு, தை மாதத்தில் குடும்பத்தோடு புறப்பட்டோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை கண்ணில் படுகிறது. 1965-ல் கட்டி முடித்த அணை. 46 அடி வரை நீர் தேக்கலாம். கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதை நம்பி இருக்கிறது. கரையில் நின்றால் மலை முழுவதும் தலைகீழாகத் தண்ணீருக்குள் தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம், இறங்கத்தான் கூடாது. அணைக்கட்டில் ஆழம் எங்கே, சேறு எங்கே என்று யாருக்குத் தெரியும்?

மலைப்பாதை ஏறிக் கரியாலூர் சேர்ந்தோம். அங்கே படகுத் துறை இருக்கிறது. குழந்தைகள் படகில் ஏறி உட்கார்ந்ததும், அடேயப்பா, என்ன குதூகலம்! பெரியார் நீர்வீழ்ச்சியும் பக்கத்தில்தான். மழை நாளில் மட்டும் அருவிப் பக்கம் போகாதீர்கள். மலை மேல் பெய்யும் மழை உங்களிடம் சொல்லிவிட்டு வருவதில்லை.

மத்தியானம் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து புளியோதரையைக் காலி செய்தோம். பளிங்கு போல் ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த டிபன் காரியரைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அப்போது குடத்தோடு ஒரு பாட்டி வந்தாள். கோபமே இல்லாமல், “கொஞ்சம் கீழே போய்க் கழுவுங்கம்மா. நான் தண்ணி மொள்ளணும்” என்றாள்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பாத்திரங்களை வாரிக்கொண்டு நாற்பது அடி கீழே போனேன். அங்கே ஒரு தாய் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் கீழே போனேன். அங்கே இரண்டு மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அதற்கும் கீழே? கோமுகி அணை! கழுவுவதற்கு, ஆள் இல்லாத ஒரு ‘கீழே’ எனக்குக் கடைசிவரை அகப்படவில்லை.

மறுநாள் சாத்தனூர் போனோம். 1958-ல் முடிந்த அணை. 119 அடி வரை நீர் தேக்கலாம். கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. கோமுகியைப் போல் பதின்மூன்று மடங்கு! பூங்கா, முதலைப் பண்ணை என்று பொழுது போவதே தெரியவில்லை. ஆனால் என் மனசு ஓடைக்கரையிலேயே நின்றது. இந்தத் தண்ணீருக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி வருகிறது. அந்த மாநகரத்துப் பெல்லந்தூர் ஏரியும் வர்த்தூர் ஏரியும் வழிந்து இந்த ஆற்றில்தான் கலக்கின்றன. ஊர்ச் சாக்கடை சேர்ந்த பெல்லந்தூர் ஏரியில் மிதந்த நுரை 2015-ல் தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் மேலே நெருப்பு! ஒசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை மதகைத் திறந்தால் வெள்ளை நுரை மலை போல் பொங்குவதையும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அப்புறம் சாத்தனூர்.

அந்த நுரையில் தொழிற்சாலைக் கழிவுக்குப் பங்கு உண்டு. நம் வீட்டுச் சலவைத் தூளுக்கும் உண்டு. சில சலவைத் தூள்களில் இருக்கும் பாஸ்பேட் என்ற உப்பு, பாசிக்கு எருவாகிறது. பாசி மண்டி அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தின்று தீர்க்கிறது. மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கிற தண்ணீருக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 100 மில்லி லிட்டரில் கோலிபார்ம் கிருமிகள் 500-க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு லிட்டரில் 5 மில்லி கிராமாவது பிராணவாயு கரைந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று நம்பிக் குழந்தைகளை விழுங்க விடாதீர்கள்.

கல்வராயன் மலைத் தண்ணீருக்கு மேலே பெரிய நகரம் ஏதும் இல்லை. விடுமுறைக்குப் போகிற நாம்தான் இருக்கிறோம்! ஆகவே, சகோதரிகளே, அங்கே போனால் கழுவாத பாத்திரத்தை மூடிக் கட்டி வீட்டுக்கே கொண்டு வாருங்கள். அவசரமானால் ஒரு வாளியில் மொண்டு, கரையை விட்டுத் தள்ளிப்போய், சோப்பில்லாமல் கழுவி மண்ணில் ஊற்றுங்கள். ஷாம்பூப் பொட்டலத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தம்ளரும் உங்களோடே திரும்பட்டும்.

என் டிபன் காரியர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பிசுக்கோடு பையில் போட்டு ஊர் வரை சுமந்து வந்தேன். பை முழுக்கப் புளியோதரை வாசனை! பரவாயில்லை. பாட்டியின் குடத்தில் அந்த வாசனை இல்லையே, அது போதும்.