திரும்பாத கால்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பைப் பார்க்கும்போது, காலை 15 முதல் 25 டிகிரிவரை உள்பக்கமாகத் திருப்பிப் பட்டையால் கட்டுவோம். அப்போதுதான் தொடையெலும்பின் கழுத்து மேசைக்கு இணையாகக் கிடக்கும். திரும்பாவிட்டால் கழுத்து குறுகித் தெரியும். மெஷின் சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்பதைத்தான். பரப்பு குறுகினால் எண் ஏறிவிடும், எலும்பு ஏறியிருக்காது.

முடக்குவாதக்காரர்களில் பலருக்கு அந்தக் கால் திரும்பாது.

பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட ஓர் அம்மா, இரண்டு வருட இடைவெளியில் மறுபடி வந்தார். பட்டை கட்டும்போது, "இவ்ளோதாம்மா திரும்பும், விட்டுடு" என்றார். வலிக்குமே என்று விட்டுவிட்டேன். இடது இடுப்பின் எண் கூடியிருந்தது. "எலும்பு தேறிடுச்சா?" என்று கேட்டு, முகம் மலர்ந்து போனார்.

சாயங்காலம் பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தொடையெலும்பின் உள்பக்கத்தில் ஒரு சிறு முண்டு உண்டு. கால் சரியாகத் திரும்பியிருந்தால் அது மறைந்திருக்கும், அல்லது மிகச் சிறிதாகத் தெரியும். புதிய படத்தில் கொட்டைப்பாக்குபோல் துருத்திக்கொண்டு நின்றது. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். மறுநாள் அந்த அம்மாவை வரவழைத்து, நன்றாகத் திரும்பிய வலது இடுப்பை எடுத்தேன். அங்கே முன்பைவிடக் குறைந்திருந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முடக்குவாதத்தில் எலும்பைக் கரைப்பது ஒன்றல்ல. மூட்டு அழற்சியே கரைக்கும், ஸ்டீராய்டு கரைக்கும், வலியால் நடமாட்டம் குறைவதும் கரைக்கும். டி ஸ்கோர் எலும்புப்புரை எல்லையான –2.5ஐத் தொடாதவர்களுக்கும் எலும்பு முறிவதுண்டு. அதனால்தான் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கில் முடக்குவாதத்துக்கு ஒரு கட்டம், ஸ்டீராய்டுக்குத் தனியே இன்னொரு கட்டம்.

இடுப்புக்குப் பதிலாக முதுகெலும்பை நம்பலாமா என்றால், நசுங்கிய முள்ளெலும்பும் அடர்த்தி கூடியதுபோல் தெரியும். அதை விலக்கிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். இரண்டும் உதவாதபோது முன்கை. மணிக்கட்டை நோய் அரித்திருக்கும் என்பதால் ஆரையெலும்பின் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் பார்ப்போம். அதற்கு வளையலைக் கழற்ற வேண்டும். ஆனால் வீங்கிய கணுக்களைத் தாண்டி அது கழலாது. சோப்பு நுரை போட்டும் கழலாமல் அழுதவர்கள் உண்டு. அப்படியானால் மறு கை.

எங்கள் கைப்பிசகு எவ்வளவு என்றறிய 30 பேரை இரண்டிரண்டு முறை அளந்து ஓர் எல்லை வகுத்திருந்தோம். அதைத் தாண்டினால்தான் மாற்றம் உண்மை என்போம். அந்த 30 பேரில் கால் திரும்பாதவர் ஒருவரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது கால் எவ்வளவு திரும்பியது, எந்தக் கை, எந்த முள்ளெலும்பை விலக்கினேன் என்றெல்லாம் ரிப்போர்ட்டின் அடியில் எழுதிவிடுகிறேன். அந்த அம்மா போன மாதம் வந்தார். மேசையில் ஏறும்போதே வலது தொடையைத் தட்டிக் காட்டினார்: "இதை எடும்மா. அது பொய் சொல்லும்."