ஆபரேஷன் சக்சஸ்... வலி?

முதுகுவலி இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். பழைய பேப்பர்காரருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது தேவைப்படும்.

‘ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்’ என்று பழைய ஜோக் ஒன்று உண்டே, அதில் சொல்லாமல் விட்ட இன்னொரு வகை இருக்கிறது. ஆபரேஷனும் சக்சஸ், பேஷன்ட்டும் நலம், வலி மட்டும் அப்படியே! நான் அந்த வகை.

இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியது. பிதுங்கியதை வெட்டி எடுத்தார்கள். காலில் கரன்ட் அடித்த மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது நின்றுபோனது. ஆனால், ஆறு மாதம் கழித்தும் நாற்காலியில் இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இடுப்பில் அடுப்பு மூட்டிய மாதிரி எரிச்சல். எழுதிப் பிழைக்கிறவனுக்கு உட்கார முடியாவிட்டால் மாசச் சம்பளம் எங்கிருந்து வரும்?

மறுபடி ஸ்கேன். ‘‘எல்லாம் க்ளீனா இருக்கு சார்!’’ என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு அழுகை வந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால், ஊர் பார்வையில் எனக்கும் ஒன்றும் இல்லை! நடிக்கிறான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘‘இன்னுமா வலிக்குது?’’ என்று மட்டும் கேட்டார்கள்.

ஆமாம், இன்னும்தான். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி தங்குவது அபூர்வமே இல்லை. ‘ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்’ என்று டாக்டர்கள் ரொம்ப காலமாக இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கேட்ட மாத்திரத்தில் டாக்டரோடு சண்டைக்குப் போகத் தோன்றும் பெயர்! அதை மாற்றச் சொல்லி நிபுணர்களே இப்போது பேசுகிறார்கள். காரணம், ஆபரேஷன் ஒழுங்காக நடந்திருந்தாலும் வலி தொடரலாம். நாள்பட நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் விலகிய பிறகும் ‘ஆபத்து, ஆபத்து’ என்று மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். திருடன் தெருவைத் தாண்டிய பிறகும் குரைக்கிற நாய் மாதிரி.

அதற்காக, ‘சரி, விதி’ என்று விட்டுவிடவும் கூடாது. ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்கலாம், நரம்பு போகும் பாதை குறுகியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வலி, கால் பலமிழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது... இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையா? ‘இன்னொரு தடவை கத்தி வெச்சுப் பாத்துடலாமே’ என்று வரும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு மறு ஆபரேஷனுக்கும் பலன் கிடைக்கிற வாய்ப்பு குறைந்துகொண்டேதான் போகிறது.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 1944-க்கும் 1957-க்கும் இடையே முதுகில் நான்கு ஆபரேஷன்கள். 1954-ல் செய்ததில் கிருமி தொற்றி, உயிர் பிழைத்ததே பெரும்பாடு. வெள்ளை மாளிகைக்குப் போன பிறகும் வலி விடவில்லை. ஊசிக்கு மேல் ஊசி. 1961-ன் கடைசியில் ஹான்ஸ் க்ராவுஸ் என்ற டாக்டர் வந்தார். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் கென்னடிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இன்றைக்கும் முதல் படி அதுதான். படுத்தே கிடந்தால் தசை இளைத்து, வலி ஏறும். பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி, இன்று ஐந்து நிமிஷம், அடுத்த வாரம் ஏழு நிமிஷம் என்று நடக்க வேண்டும்.

அடுத்து மாத்திரை. நரம்பு வலி சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. ப்ரிகாபலின், டுலோக்ஸிடின் போன்றவற்றை எழுதித் தருவார்கள். ‘‘இது டிப்ரஷனுக்குத் தர்றதாச்சே சார்...’’ என்று மருந்துக்கடைத் தம்பி குரலைத் தாழ்த்தினால் பயப்படாதீர்கள். நரம்பு வலிக்கும் அதைத் தருவது உண்டு. சிலருக்குக் கேட்கும்; சிலருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். எதுவானாலும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பிறகு, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி. குறைந்தால் சில வாரம், சில மாதம் குறையும். அந்த நேரத்தை உடற்பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

எதற்கும் மசியாத வலிக்கு, தண்டுவடத்துக்கு லேசாகக் கரன்ட் கொடுக்கிற கருவி இருக்கிறது. பேஸ்மேக்கரின் தம்பி! குழந்தை தலையில் இடித்துக்கொண்டால் அம்மா ஏன் தேய்த்துவிடுகிறாள்? தேய்க்கிற உணர்ச்சி, வலிக்குக் கதவைச் சாத்துகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தண்டுவடத்தில் இருக்கும் ‘வாசல்’ என்று விளக்கினார்கள். 1967-ல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி இந்த வகைக் கருவியை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். இப்போது சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துகிறார்கள். செலவு லட்சங்களில். எவ்வளவு நாள் பலன் நிற்கும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் கடைசியாகப் பார்த்தது வலிக்கென்றே இருக்கிற ஒரு டாக்டர். எடுத்த எடுப்பில், ‘‘வலி எவ்வளவு இருக்கு?’’ என்று அவர் கேட்கவில்லை. ‘‘வலியால எதை விட்டுட்டீங்க?’’ என்றார். எட்டு மார்க் வலி ஐந்துக்கு வந்தாலே பெரிய வெற்றி, பூஜ்யத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார்.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. கடனே இல்லாத கம்பெனி அபூர்வம். கடன் கம்பெனியை முழுங்காமல் பார்த்துக்கொண்டு வியாபாரம் நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

எதை விட்டேன் என்று யோசித்து, ‘‘தியேட்டர்ல முழுசா ஒரு படம் பார்க்கணும் டாக்டர்’’ என்றேன். எழுதிக்கொண்டார்.

இப்போதைக்கு இடைவேளை வரை தேறியிருக்கிறேன்.