சாவிக்கொத்தில் ஒரு சின்ன விளக்கு

டார்ச் லைட்டுக்கு எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த பெயர் 'லாம்ப் து போஷ்'. சட்டைப்பை விளக்கு என்று பொருள். வீட்டில் அப்பா வைத்திருந்ததோ மூன்று கட்டை போடும் டார்ச். அதை எந்தச் சட்டைப்பையில் வைப்பது? தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். திருடன் வந்தால் அடிக்கவும் ஆகும்.

அந்தப் பெயருக்குப் பொருத்தமான விளக்கை நான் தேடியது ஓய்வு பெற்ற பிறகுதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எட்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மனைவிக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போடப் போனவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, நடுவுல கோடு இருக்குமே, இது வழவழன்னு இருக்கு?"

சர்க்கரை மாத்திரை. சாப்பாட்டோடு ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தாள். இரண்டாவதும் உள்ளே போய், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கியிருந்தால், மரம் விழுந்து கிடந்த தெருவில் எந்த ஆட்டோ வரும்? அன்று எனக்குத் தூக்கமே இல்லை.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாக ஒரு சாவிக்கொத்து விளக்கு வாங்கினேன். பொத்தானை அமுக்கினால் எரியும். சட்டைப்பையில் தானாகவே அமுங்கி எரிந்து, பத்து நாளில் அதன் வட்டச் செல் தீர்ந்தது. அடுத்தது அட்டையில் ஏகப்பட்ட லூமன் போட்டிருந்தது. தெருக்கோடி வரை பகல் போல அடித்தது. மாத்திரை அட்டையிடம் கொண்டுபோனால் வெள்ளித்தாள் பளபளத்து ஓர் எழுத்தும் தெரியவில்லை! கையெட்டும் தூரத்தில் படிக்க மங்கல் வெளிச்சம்தான் வேண்டும். இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

இப்போது இருப்பது மூன்றாவது. சுண்டுவிரல் நீளம். ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய செல் ஒன்று போதும். தலையைத் திருகினால் மங்கலாக எரியும், தளர்த்தி மறுபடி திருகினால் பிரகாசம். பையில் தானாக எரிவதில்லை. சார்ஜ் போடுகிற விளக்குகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எட்டு நாள் இருட்டில் எங்கே சார்ஜ் போடுவது? செல் என்றால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

"போன்லயே லைட் இருக்கே தாத்தா" என்கிறான் பேரன். ஒரு கையில் போன் என்றால் அட்டையைப் பிரிப்பது எப்படி? இதை வாயில் கவ்விக்கொள்ளலாம்.

அவள் போய் நான்கு வருடம். அந்த இரண்டு மாத்திரையும் இப்போது எனக்கு. செல்லை அப்படியே விட்டால் கசிந்து விளக்கைக் கெடுத்துவிடும் என்பதால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாற்றிவிடுகிறேன். பழையது டி.வி. ரிமோட்டுக்குப் போகிறது.