மூன்று விலையுள்ள ஒரு ரியூபா

யாழ்ப்பாணத்தில் பழைய சைக்கிள் விற்கலாம், தையல் மெஷின் விற்கலாம், இடிந்த வீட்டுக் கதவுநிலைகூட விற்கலாம். ரியூபா விற்பதுதான் கஷ்டம். முதலில் அது என்ன சாமான் என்று விளங்கப்படுத்த வேண்டும். "வாய் விரிஞ்ச பெரிய பித்தளைக் குழல்" என்று சொன்னால், "ஓ, பெருநாளுக்கு ஊதுறதோ?" என்று கேட்பார்கள். ஓம், அதுதான்.

அப்பப்பா எங்கள் கரையோர ஊரின் பாண்ட் கோஷ்டியில் அதைத்தான் ஊதினார். இங்கிலாந்துப் பித்தளை பாண்டுகளில் ரியூபாவை 'பாஸ்' என்றுதான் சொல்வார்கள். அவரும் கடைசிவரைக்கும் அப்படித்தான் சொன்னார். பெருநாள் சுற்றுப்பிரகாரம், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றிலும் ட்ரம்பெட்காரர் மெட்டைக் கொண்டுபோக, பாஸ்காரர் அடியில் நின்று நடையைப் பிடிப்பார். "நான் ஊதேக்க ஒருத்தரும் கவனியாயினம். நிப்பாட்டினா எல்லாருக்கும் கால் பிழைக்கும்" என்பார் அப்பப்பா.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது ரியூபா வீட்டில் நின்றுவிட்டது. பத்துக் கிலோவுக்கு மேல் பாரம். கையில் குழந்தையும் அரிசி மூட்டையும் இருக்கும்போது ஆர் அதைத் தூக்குவது? சாக்கில் சுற்றி அறை மூலையில் வைத்துவிட்டுப் போனார்களாம். அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தால் கூரையில் ஓடு இல்லை. ரியூபா இருந்தது, வாயில் குளவிக்கூட்டோடும் பக்கத்தில் ஒரு நெளிவோடும். "ஓட்டைக் கழட்டினவங்களுக்கு ஊதத் தெரியேல்ல" என்று அப்பப்பா சிரிப்பார். கோஷ்டிதான் பிறகு கூடவில்லை. பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள், மிச்சப்பேருக்கு மூச்சு இல்லை. பெருநாளுக்குக் கீபோர்ட்டும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன.

அப்பப்பா போய் நாலு வருஷம். நாங்கள் மூன்று பேரப்பிள்ளைகள். எங்களில் ஒருத்தி கம்பஸில் கலைப்பீடம், போர்டிங் காசு கட்ட வேணும். தம்பிக்கு ஏ.எல். முடிந்துவிட்டது, அடுத்த படிப்புக்கு லப்டொப் வேணும். விற்போம் என்று நாங்கள்தான் முதலில் கதைத்தோம். அப்பம்மா மறுக்கவில்லை. "வில்லுங்கோ. ஆனா உருக்கிறவனுக்குக் குடுக்காதேங்கோ" என்றா.

விற்பதற்காகத்தான் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். ரியூபா அப்படியொன்றும் பழங்கால வாத்தியம் இல்லை. 1835இல் பேர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ற், யோஹான் மொறிற்ஸ் என்ற இருவர் உரிமம் எடுத்த கருவி. எங்களுடையதன் வாயில் 'பூஸி அன்ட் ஹோக்ஸ்' என்று பொறித்திருந்தது. பூஸி, ஹோக்ஸ் என்ற இரண்டு லண்டன் கொம்பனிகளும் ஒன்றானது 1930இல். ஆகவே அதற்கு முந்தியதாக இருக்க ஏலாது.

பிந்திய எல்லையைத் தந்தது சத்தம். சங்கீதம் படிக்கிற ஒரு நண்பனைக் கூப்பிட்டு ஊதச் சொன்னோம். கீபோர்ட்டோடு சேர்த்துப் பார்த்தால் எந்தச் சுரமும் ஒட்டவில்லை, எல்லாம் கொஞ்சம் மேலே நின்றது. தேடியபோதுதான் விஷயம் விளங்கியது. இங்கிலாந்துப் பித்தளை பாண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரைக்கும் பொதுச் சுருதியைவிட உயர்ந்த சுருதியில்தான் வாசித்தன. இன்று உலகம் 440இல் வைக்கிற சுரத்தை அவர்கள் 452.5இல் வைத்தார்கள். அரைச் சுரத்தில் பாதி வித்தியாசம். அப்பப்பாவின் பாஸ் அந்தக் காலத்து ஆள். கூட்டாளிகள் எல்லாரும் அதே சுருதியில் நின்றவரை பிழையில்லை. இன்றைய கோஷ்டியோடு அப்படியே சேராது.

விலை கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்.

முதலாமவர் பழைய இரும்பு, பித்தளை எடுக்கிறவர். வாசலில் நின்றே, "எத்தினை கிலோ வரும் தங்கச்சி?" என்றார். அவரில் பிழை சொல்ல ஏலாது. தராசில் செம்பும் நாகமும் சேர்ந்த உலோகம்தான் தெரியும். அந்தக் காசு இரண்டு மாதப் போர்டிங்குக்கும் காணாது.

இரண்டாமவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்கிறவர். படங்களைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். சுவரில் மாட்டி, வாய்க்குள் பல்ப் போடுவாராம். நெளிவு இன்னும் கொஞ்சம் கூட இருந்தாலும் நல்லதாம். தம்பி அந்த விலையைக் கேட்டவுடனேயே எந்த லப்டொப் என்று பார்க்கத் தொடங்கிவிட்டான்.

மூன்றாமவர் மன்னார்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். அவர்களுடைய கோயிலில் இளைஞர் பாண்ட் ஒன்று நடக்கிறது, பாஸ் மட்டும் இல்லை. மூன்று பிஸ்டன்களையும் கழற்றி, இலக்கம் மாறாமல் வரிசையாகத் துணியில் வைத்தார். குழாயில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தார். பித்தளையிலிருந்து நாகம் கரைந்தால் அப்படிப் புள்ளி வரும், பிறகு குழாய் ஓட்டையாகுமாம். "மினுக்காமல் வைச்சிருக்கிறியள், நல்லது" என்றார். புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன அயலவர்களை நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சுருதி விஷயத்தை நாங்களே சொன்னோம். அவர் யோசித்தார். "நாலு மீற்றர் குழாய். பத்துப் பதினொரு சென்ரிமீற்றர் கூட்டினா இறங்கும். ஒட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கு" என்றார். பிறகு தன்னுடைய விலையைச் சொன்னார். கொழும்பு விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை. தம்பி கேட்டது நியாயமான கேள்வி: "லைட்டாத் தொங்கினாலும் அது உருகேல்லத்தானே?" அப்பம்மா போட்ட நிபந்தனைப்படி அவன் சொன்னது சரி. அக்காவுக்குக் காசை விட்டுக்கொடுக்க மனமில்லை, வாய்க்குள் பல்ப் போடவும் மனமில்லை. நினைவு, மரபு என்று கட்டுரை எழுதுவது லேசு. லப்டொப் இல்லாமல் இருக்கப்போகிறவனுக்கு முன்னால் அதைச் சொல்வது லேசில்லை. கடைசியில் ஒரு கணக்குப் போட்டோம். மன்னார்க் காசு முழுதும் தம்பிக்கு. மிச்சத்துக்கு அக்காவின் சம்பளத்திலிருந்து மாதாமாதம். போர்டிங் காசுக்கு கம்பஸ்காரி பின்னேரம் ரியூசன் குடுப்பாள். அதற்குப் பிறகுதான் தம்பி ஓம் என்றான்.

வீட்டில் பழைய வாத்தியம் வைத்திருக்கிற ஆக்களுக்கு எங்களால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மினுக்காதேங்கோ. இலக்கத்தையும் பேரையும் பாருங்கோ. ஒருக்கா ஊதிப் பாருங்கோ. ஆர் என்ன விலை சொல்லுகினம் என்பதோடு, அவர்கள் அதில் எதை வாங்குகினம் என்றும் கேளுங்கோ.

ரியூபா பஸ்ஸின் பின்சீட்டில், சாக்கில் சுற்றியபடி போனது. ஒரு மாதம் கழித்து வட்சப்பில் குரல்பதிவு வந்தது: நாலைந்து ட்ரம்பெட், தாளம் பிசகுகிற ஒரு ட்ரம், அடியில் "பூம், பூம்". அப்பம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டு, "அந்தப் பெடியனுக்கு இன்னும் மூச்சுப் பத்தேல்ல" என்றா. மூலையில் இப்போது அரிசிப் பெட்டி நிற்கிறது. அவதான் இழுத்து வைத்தவ.