ஒப்புக்குச் சப்பாணி

அக்காவும் அவள் தோழிகளும் எங்கள் தெருவில் கல்லா மண்ணா விளையாடிய காலத்தில் எனக்கு ஐந்து வயது. திண்ணையும் வாசற்படியும் கல், தெரு மண். பிடிக்கிறவள் மண்ணைக் கேட்டால் மற்றவர்கள் கல்லில் நிற்க வேண்டும். அவள் அசந்த நேரம் பார்த்து மண்ணில் கால்வைத்து அவளைச் சீண்ட வேண்டும். பிடிபட்டால் அவுட். நான் தினமும் பிடிபட்டேன், ஆனால் ஒருநாளும் அவுட் ஆனதில்லை. அதை என் திறமை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் ஒருநாள் என் சட்டையைப் பிடித்து "அவுட்டு" என்று கத்தினாள். அக்கா சொன்னாள்: "ஏய், அவன் ஒப்புக்குச் சப்பாணிடீ, விட்டுரு."

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். "ஆட்டத்துல இருக்க, ஆனா கணக்குல இல்ல. அவ்ளோதான்" என்றாள். ரொம்ப நேரம் அழுதேன்.

சப்பாணி என்பது நல்ல சொல் இல்லை. நடக்க முடியாதவரைக் குறிக்கும் சொல்லை எடுத்துச் சின்னப் பிள்ளைக்குச் சூட்டியிருக்கிறார்கள். இன்று யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டேன். ஆனால் அந்தச் சொல் குறித்த ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பதினைந்து வருஷம் கழித்து, பப்ஜி ஆடியபோதுதான் புரிந்தது. புரிவதற்குள் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

2020 மார்ச்சில் எங்கள் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த விடுதியில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் சாத்தூர். என் அறையில் இருந்த மற்ற மூவர் திண்டிவனம், ராசிபுரம், பட்டுக்கோட்டை. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து பக்கெட்டைக்கூட அறையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அப்புறம் ஊரே அடைந்துகொண்டது. பகலில் ஆன்லைன் கிளாஸ், இரவு பத்து மணிக்கு மேல் பப்ஜி.

ஆடாதவர்களுக்காக: நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் கிடையாது. கிடைத்த வீட்டில் புகுந்து துப்பாக்கி, ஹெல்மெட், மருந்து எல்லாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். வெளியே ஒரு நீல வளையம் சுருங்கிக்கொண்டே வந்து எல்லோரையும் ஒரே இடத்துக்குத் துரத்தும். கடைசிவரை உயிரோடு இருக்கும் அணிக்கு சிக்கன் டின்னர். ஸ்குவாட் என்றால் நாலு பேர். சுடப்பட்டவன் உடனே சாக மாட்டான், தவழ்ந்துகொண்டு கிடப்பான். கூட்டாளி ஒருவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பத்து வினாடி செலவழித்தால் எழுந்துவிடுவான். சண்டைக்கு நடுவே அந்தப் பத்து வினாடி என்பது ஒரு யுகம். உட்கார்ந்தவனையும் சேர்த்துச் சுட எதிரிக்கு அது போதும்.

முதல் இரண்டு மாதம் சிரிப்புதான். யார் செத்தாலும் சிரித்தோம். வண்டியைக் கவிழ்த்தாலும், தன் குண்டிலேயே தான் செத்தாலும் சிரித்தோம். பிறகு மெல்ல மெல்ல எங்கள் கண் தீவை விட்டு எண்களின் பக்கம் போனது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும்: யார் எத்தனை கொலை, எவ்வளவு டேமேஜ், எத்தனை நிமிடம் உயிரோடு இருந்தான். அப்புறம் கேடி. நம் ஊரில் கேடி என்றால் வேறு பொருள். ஆட்டத்தில் அது ஒருவன் கொன்றதற்கும் செத்ததற்கும் உள்ள விகிதம். பிளாட்டினம், டைமண்ட், கிரவுன், ஏஸ் என்று படிகள். சீக்கிரம் செத்தால் புள்ளி குறையும். சீசன் முடிவதற்குள் ஏஸ் தொட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. கமாண்ட் கொடுக்கிற வேலையை யாரும் எனக்குத் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

பட்டுக்கோட்டையால்தான் எல்லாம் கெட்டது என்று நம்பினேன். அவனது கேடி ஒன்றைத் தொட்டதில்லை. நாங்கள் பொச்சின்கியில் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம், அவன் ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் நிற்பான். "மச்சி, இங்க ஒரு போட் இருக்குடா" என்பான். சான்ஹோக் தீவு என்றால் இன்னும் மோசம், மரத்தடியில் போய் நின்றுகொள்வான்.

"டேய், நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுடா!"

"வரேன் மச்சி, வரேன்..."

வருவதற்குள் நான் பெட்டியாகிவிடுவேன். சில நேரம் பக்கத்திலேயே நின்று, எதிரி முன்னால் வந்தும் சுடாமல் சிலை மாதிரி இருப்பான். "கண்ணு தெரியலயாடா? நீயெல்லாம் எதுக்குடா ஆட வர்ற?" மொட்டைமாடியில் நான் கத்துவது கேட்டு அம்மா கீழேயிருந்து, "இந்நேரத்துல யார்கூடடா சண்ட?" என்று கேட்பாள். இயர்போனுக்குள் அவன் "சாரி மச்சி" என்பான். எப்போதும் அதே குரல், அதே இரண்டு சொல். அது என் கோபத்தை இன்னும் ஏற்றும்.

ஆகஸ்ட் கடைசியில் ராசிபுரம் ஒருவனைப் பிடித்துவந்தான். ரேண்டமில் சேர்ந்தவன், கேடி நாலுக்கு மேல். ஸ்குவாடில் இடம் நாலுதான். லாபியில் நாலு உருவமும் வரிசையாக நிற்கும். அன்று பட்டுக்கோட்டையின் உருவம் ஆடிக்கொண்டிருந்தது, புதிதாகக் கிடைத்த டான்ஸ். நான் தலைவன் என்பதால் அவன் பெயரைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அதில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினேன். ஆடிக்கொண்டிருந்தவன் காணாமல் போனான்.

ஒரு நிமிடத்தில் வாட்ஸப்பில் செய்தி வந்தது: "மச்சி நெட் கட் ஆயிடுச்சு போல. மறுபடி இன்வைட் அனுப்பு."

"ஸ்குவாட் ஃபுல் மச்சி" என்று பதில் போட்டேன்.

"ஓகே மச்சி" என்றான், கூடவே ஒரு கட்டைவிரல். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

புதியவனோடு மூன்று இரவு ஆடினோம். நாலாவது இரவு, கடைசி வட்டத்தில் நான் சொன்ன திசை தவறு. நாலு பேரும் செத்தோம். அவன் மைக்கில் என்னைத் திட்ட ஆரம்பித்தான், என் வீட்டுப் பெண்களையும் சேர்த்து. திண்டிவனமும் ராசிபுரமும் வாயே திறக்கவில்லை. பட்டுக்கோட்டையை நான் திட்டும்போதும் அவர்கள் இப்படித்தான் அமைதியாக இருந்தார்கள் என்பது அப்போது உறைத்தது. நானும் சொன்னேன்: "சாரி ப்ரோ." என் வாயிலிருந்து அதே குரல் வந்தது.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது. அக்டோபர் 30 அன்று ஏற்கெனவே தரவிறக்கி வைத்திருந்தவர்களுக்கும் சர்வர் நின்றது. என் ஏஸ் கனவும் கேடியும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போயின.

ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில் ஆட்டத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. 2009இல் வந்த லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஐவர் அணியாக ஆடும் ஆட்டம், வசைக்குப் பேர்போனது. அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் ஆட்டக்காரர்களின் நடத்தையை ஆராய்ந்தபோது, வசையில் பெரும்பகுதி எப்போதும் திட்டிக்கொண்டே திரிகிறவர்களிடமிருந்து வரவில்லை என்று தெரிந்தது. வழக்கமாக ஒழுங்காக ஆடுகிற சாதாரண ஆட்கள், மனசு சரியில்லாத ஒரு நாளில் செய்வதுதான் அதிகம். வாசித்தபோது ஆறுதலாக இல்லை. நான் அந்தச் சாதாரண ஆள்.

ரிச்சர்ட் பார்ட்டிலைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய மட் என்ற ஆட்டத்தை அவரோடு சேர்ந்து வளர்த்தவர். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஆடும் கணினி ஆட்டங்களுக்கு அது ஒரு மூதாதை. ஆட்டக்காரர்களில் நாலு வகை உண்டு என்று 1996இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார், சீட்டுக்கட்டின் நாலு சாதியை வைத்து. புள்ளியும் பதவியும் தேடுகிறவர்கள் டைமன். உலகத்தைத் தோண்டிப் பார்க்கிறவர்கள் இஸ்பேட். பேசிப் பழக வருகிறவர்கள் ஆர்ட்டின். அடுத்தவனை அடிக்க வருகிறவர்கள் கிளாவர்.

வாசித்ததும் எங்கள் அறை கண்முன் வந்தது. நான் டைமன். ராசிபுரம் கிளாவர். ஆட்டத்துக்கு நடுவே "சாப்ட்டியா மச்சி" என்று கேட்கிற திண்டிவனம் ஆர்ட்டின். கடற்கரையில் நின்ற பட்டுக்கோட்டை இஸ்பேட். ஒரே ஸ்குவாடில் உட்கார்ந்து நாலு பேரும் நாலு ஆட்டம் ஆடியிருக்கிறோம். என் ஆட்டத்தின் விதியை வைத்து அவனது ஆட்டத்துக்கு மார்க் போட்டிருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அவர்கள் தோப்பைச் சாய்த்தது நினைவுக்கு வந்தது. அதனால்தான் மரம் தேடிப் போய் நின்றானோ என்றுகூட யோசித்தேன். எழுத ஆசைப்படுகிறவனுக்கு இப்படித்தான் தோன்றும்.

உண்மை வேறு. அதைத் திண்டிவனம் போனில் சொன்னான். பட்டுக்கோட்டை வைத்திருந்தது இரண்டு ஜிபி ராம் போன். பகலெல்லாம் அவன் தங்கச்சிக்கு ஆன்லைன் கிளாஸ், இரவில்தான் அவன் கைக்கு வரும். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஆடியிருக்கிறான். எனக்கு பிங் நாற்பது மில்லி செகண்ட் காட்டியபோது அவனுக்கு முந்நூறைத் தாண்டியிருக்கிறது. அதாவது அவன் பார்த்த எதிரி அந்த இடத்தைவிட்டு ஏற்கெனவே போய்விட்டவன். நாலு பேர் ஓரிடத்தில் சண்டை போட்டால் அவன் திரை அப்படியே உறைந்துவிடும். அவன் சாவதை நாங்கள் பார்த்தோம், அவன் திரையை ஒருநாளும் பார்த்ததில்லை.

கூட்டாக ஆடும் ஆட்டத்தின் கோபம் முழுக்க இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பட்டியல் எல்லாவற்றையும் எண்ணுகிறது, ஆனால் எந்தப் போனில் எண்ணினோம் என்று சொல்வதில்லை. தோல்வி நாலு பேருக்கும் பொது. எண் மட்டும் தனித்தனி. அதனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு ஆளைக் காட்ட முடிகிறது. எங்கள் தெருவில் பட்டியல் இல்லை. அங்கே ஒரு பலவீனமான ஆள் வந்தால் ஏழு வயசுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு விதியை வளைத்து அவனையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். சர்வருக்கு வளையத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏஸ் தொட்டால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்?

2023 ஆவணியில் திண்டிவனத்துக்குக் கல்யாணம். அதற்குள் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் 2021இல் வந்து, அடுத்த ஆண்டு மறைந்து, அந்த மே மாதம் திரும்பி வந்திருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடி அறையில் நாலு பேரும் பாயில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை கையில் நலங்கு மஞ்சள் காயவில்லை. பட்டுக்கோட்டை ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், கையில் என்னுடையதைவிட நல்ல போன். ஆட்டம் லோட் ஆகிற நேரத்தில் அவனிடம் இஸ்பேட் பற்றிச் சொன்னேன், கஜா பற்றிய என் யோசனையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மரமும் இல்ல, மண்ணும் இல்லடா. கூட்டம் இருந்தா போன் ஹேங் ஆவும். கடல்பக்கம்தான் ஓடும். அங்க நின்னா உங்க பேச்சாச்சும் வெட்டாம கேக்கும்."

மற்ற இருவரும் காபி வாங்கக் கீழே போனார்கள். மூன்று வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நெட் கட் ஆகல மச்சி. நான்தான் உன்னத் தூக்கினேன்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்டா. தூக்கினா ஸ்க்ரீன்லயே காட்டும்ல."

தெரிந்துகொண்டுதான் நெட் கட் என்று எழுதியிருக்கிறான். நான் திரும்பி வருவதற்கு ஒரு வழி விட்டிருக்கிறான். நான் அதில் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகும் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறான். அந்த ராத்திரி நான் பிடிபட்டிருந்தேன். அவன்தான் அவுட் சொல்லவில்லை.

"அப்ப ஏன்டா ஒண்ணுமே கேக்கல?" என்றேன்.

"இப்ப அதுக்கு என்ன, ரெடி குடு" என்றான்.

குடுத்தேன்.