இருதயத் தாளமும் அதனைப் பயிலும் மருத்துவரும்

இருதயம் தானே மின்னெழுப்பித் தானே இயங்குவது. அம்மின் பிறக்கும் இடத்தைக் கீத், பிளாக் என்னும் இருவர் 1907-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர்.

என் தமக்கையாருக்கு இத்தாளம் அடிக்கடி பிறழும். நெஞ்சு திடீரெனப் படபடக்கும். சிறிது நேரத்தில் தானே அடங்கும். மருத்துவர் சிலர் அதனை வெறும் மனக்கலக்கம் என்றனர். பல்லாண்டுகள் கழித்து, படபடக்கும் வேளையிலேயே எடுத்த மின்பதிவுதான் மெய்யை உரைத்தது.

இந்நோய் தீர்க்கும் மருத்துவர் நெடுங்காலம் பயில்கின்றனர். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றபின் பொது மருத்துவம் 3 ஆண்டும், இருதய மருத்துவம் 3 ஆண்டும், அதன்மேல் தாளக்கோளாறுகளுக்கென 2 ஆண்டும் கற்றல் வேண்டும். இத்துணைக் காலம் எதற்கு என வினவுவோர் உளர். தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பிகளை இருதயத்துள் செலுத்தி, மின் பிறழ்ந்து சுழலும் பாதையைத் தேடிச் சுடுகின்றனர். தமக்கையாருக்கு வந்த வகையில், சுடும் இடத்திற்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே, மேலறையினின்று கீழறைக்கு மின் செல்லும் இயற்கை வாயில் உளது. அது கெட்டுவிடின் வாழ்நாள் முழுதும் பேஸ்மேக்கர் கருவியே துணை. அச்சிறு தொலைவைக் காக்கும் கைப்பழக்கம் நூல்களால் மட்டும் வாராது. ஆசிரியர் அருகிருக்கப் பன்முறை செய்தே வரும்.

தமக்கையார் இன்று நலமுடன் உள்ளார். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவருள் சிலரேனும் பொறுமையுடன் இத்துறையை நாடுவாராக.