நாலு தாளும் ஒரு கேள்வியும்

போன கிழமை பிரிட்ஜ் போட்டியில் கேட்க வேண்டிய ஒன்றைக் கேளாமல் விட்டு, என் சோடியிடம் நல்ல பேச்சு வாங்கினேன். (பிரிட்ஜ் என்றதும் இங்கே எங்கட ஆட்களுக்கு பிரிட்ஜிங் விசாதான் ஞாபகம் வரும். இது சீட்டு விளையாட்டு. விசாவை விட விதிகள் தெளிவு.)

சோடி ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளைக்கார மனிசி, எழுபது தாண்டியவ. நான் ஒரு ஸ்பேட் என்று தொடங்க, அவ மூன்று ஸ்பேட் என்றா. 'என்னட்டைப் பத்துப் பன்னிரண்டு புள்ளி கிடக்கு, உன்ர கை கொஞ்சம் நல்லதெண்டால் நாலுக்குப் போ' என்பதுதான் அதன் கருத்து. ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1, கட்டு முழுக்க 40. இருவரிடமும் சேர்த்து 25, 26 இருந்தால் நாலு ஸ்பேட் கேட்கலாம், அதாவது 13 பிடியில் 10 எடுப்போம் என்று சொல்லலாம். என்னிடம் இருந்தது 13. எல்லைக்கோட்டில் நிற்கிற கை. பாஸ் சொன்னேன்.

பத்துப் பிடியும் வந்தது. எங்களுக்கு 170. மற்ற மேசையில் இதே தாள்களை வைத்திருந்தவர்கள் நாலு கேட்டு 620 எடுத்துவிட்டார்கள். "எதுக்குப் பயந்தனீ?" என்று கேட்டா. பதில் சொல்ல வரவில்லை.

ரயிலில் வரும்போதுதான் யோசித்தேன். பயமில்லை அது. சித்தப்பா படிப்பித்த கணக்கு.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பாடம் படித்து முடிய, அதே விளக்கைச் சுற்றி முன்னூற்றி நாலு தொடங்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 32 தாள், நாலு பேர், எதிர் எதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஜாக்கை வீறு என்போம், அதற்கு 30. ஒன்பது மணல், அதற்கு 20. ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. (சீட்டில் மட்டும் சாதி பார்க்கலாம்.)

விசயம் என்னவென்றால், ஆளுக்கு எட்டுத் தாளில் முதலில் நாலுதான் கைக்கு வரும். அந்த நாலைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலும் வரும். ஆகக் குறைந்த கேள்வி 160. மொத்தத்தில் பாதி 152 என்பதால் 160 பெரிய வீரம் போலத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டு வழக்கத்தில் 160 கேட்டு வென்றால் ஒரு புளியங்கொட்டை, தோற்றால் இரண்டு போகும். 200 கேட்டால் வெல்ல இரண்டு, தோற்க மூன்று.

சித்தப்பா 200 கேட்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஒரே சாதியில் வீறும் மணலும், கூட ஒரு சின்னத் தாள், நாலாவது வேறு சாதி வீறு. அப்படி வந்தால்தான் அவருடைய வாயில் இருநூறு வரும். "டேய் தம்பி, நாலு தாளைப் பாத்து எட்டுத் தாளுக்கு விலை சொல்லுறாய், கவனம்" என்பார். அப்பா நேர் எதிர். வீறும் மணலும் கண்டால் போதும்.

கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று வெல்ல இரண்டைப் பணயம் வைத்தால் மூன்றில் இரண்டு தரமாவது வெல்ல வேண்டும், இல்லாவிட்டால் நட்டம். இங்கே முதன்முதலில் வேலை செய்த தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஐந்நூறு விளையாடுவார்கள். அதில் கேட்டது வந்தால் எவ்வளவு ஏறுமோ, வராவிட்டால் அவ்வளவே இறங்கும். பாதிக்குப் பாதி. நான் விட்ட பிரிட்ஜ் ஆட்டத்தில், டீம் போட்டிக் கணக்கின்படி, நாலு கேட்டு வந்தால் 10 லாபம், வராவிட்டால் 6 தான் நட்டம். எட்டில் மூன்று தரம் வந்தாலே காணும். அப்படிப்பட்ட இடத்தில் மூன்றில் இரண்டு வரவேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன். எழுபது வயது மனிசிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்!

ஞாயிற்றுக்கிழமை வென்ட்வேர்த்வில்லில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். இப்போதும் அங்கே முன்னூற்றி நாலுதான், சித்தி கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கொப்பர் இருநூறு கேக்கிற மனிசன். நான் அண்டைக்கும் நூற்றி அறுபதுதான்."

எந்த 'அண்டைக்கு' என்று கேட்கத் தேவையில்லை. 1996 சித்திரை, தென்மராட்சிக்குள் ஆமி வந்துகொண்டிருந்தது. சாவகச்சேரியில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். கிளாலி தாண்டி வன்னிக்குப் போவதா, திரும்பி ஊருக்குப் போவதா? யோசிக்க ஒரு இரவு கிடைத்தது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார். சித்தப்பா ஊருக்குத் திரும்பினார். அப்பா பிறகு வன்னியை விட்டு வரவேயில்லை. சித்தப்பாவின் மூத்தவனை அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆர் கேட்டது சரி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. சித்தப்பா கண்ணாடியைப் போட்டு நாலு தாளையும் விரித்துப் பார்த்தார். மூடினார். திரும்பவும் விரித்தார்.

"நூற்றி எழுபது."

எதிரே இருந்த என்னிடம் இரண்டு வீறு. அந்த ஆட்டத்தில் 218 எடுத்தோம். அவர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "போட்டுக் குடு, அடுத்த கை" என்றார்.